என் மூக்கு சொன்ன பொய்

பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் தேயிலை அதை இழுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், வாசனைத் தைலம் பூசிய தலையோடு யாரும் வர முடியாது. தூள் சலிக்க வரும் பெண்கள் பூ வைத்திருந்தால் வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். எல்லாத் தோட்டத்திலும் இருந்த சட்டம்தான் இது. அதை வீட்டுக்குள்ளும் கொண்டுபோனவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

நோட்டன் பிரிட்ஜ் போகும் வழியில் இருந்த ஒரு தோட்டத்தில் நான் டீமேக்கர். கொழுந்தை வாட்டுவது முதல் காயவைப்பது வரை என் பொறுப்பு. அரைத்த கொழுந்து எவ்வளவு புளித்தால் போதும் என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். என் மூக்கைப் பற்றிப் பெரிய துரை மற்றத் துரைமாரிடம் பெருமையாகப் பேசுவார். ஹட்டனில் ஆங்கிலத்தில் படித்துத் தேறியவன் நான். ஆனாலும் அந்தப் படிப்பைவிட இந்த மூக்கைப் பற்றித்தான் எனக்குக் கர்வம் அதிகம்.

சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷத்தில் கல்யாணம் செய்தேன். அவள் கண்டி டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள். எஸ்.எஸ்.சி. வரை படித்தவள். டீமேக்கருக்குப் பங்களா உண்டு என்று தரகர் அவர்களிடம் சொல்லியிருக்கிறார். வந்து இறங்கிய அன்று, ஸ்டோருக்குப் பின்னாலிருந்த மூன்று அறைத் தகரக் கூரை வீட்டைப் பார்த்துவிட்டு, "பங்களா இதுக்கும் பின்னாடி இருக்குங்களா?" என்று கேட்டாள். கேலியாக அல்ல, தெரியாமல்தான் கேட்டாள்.

மறுநாள் அவளுடைய பவுடர் டப்பாவை வாங்கி அலமாரியின் மேல் வைத்தேன். பூ வேண்டாம், சாம்பிராணி வேண்டாம் என்றேன்.

"சாமிக்குக் கூடவா?"

"வெளியில நின்னு காட்டிட்டு வா."

மற்றத் தோட்டங்களில் டீமேக்கர் வீட்டுப் பெண்கள் பூ வைக்காமலா இருந்தார்கள்? வைத்தார்கள். எனக்கு அது தெரியும்.

உத்தியோகத்தர் வீடுகள் மொத்தம் ஐந்து. அந்த வீட்டுப் பெண்கள் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் போவது வழக்கமில்லை. பின்னேரங்களில் பெரிய கிளாக்கர் வீட்டில் கூடி, யார் வீட்டுக்கு என்ன சேலை வந்தது என்று பேசுவார்கள். என் மனைவி இரண்டு தடவை போனாள், பிறகு போகவில்லை. நான் விடியுமுன் ஸ்டோருக்குப் போவேன், சாப்பிட வருவேன், தூங்குவேன். அவள் ஜன்னலோரம் நின்று ஹட்டன் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படியே நான்கு வருஷம் போயிற்று. பிள்ளை இல்லை.

அப்போதுதான் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் புதிதாக ஒருவர் மருந்து கொடுக்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணமாகாதவர். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்த குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் கண்டபோது எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"அக்கா, ரெண்டு நாளைக்கு வந்து கைகுடுப்பியளோ? எனக்கு ஒருத்தரும் இல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். இன்னொரு ஆணின் முன்னால் மாட்டேன் என்று சொல்வது கௌரவக் குறைவாகப் பட்டது. போகட்டும் என்றேன். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று.

ஒருநாள் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனபோது டிஸ்பென்சரியின் கார்பாலிக் சோப்பு வாடை அடித்தது.

"உன் கை நாறுது."

அவள் விரல்களை முகர்ந்து பார்த்தாள். "எனக்கு நாறலீங்களே. நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அந்த வீட்டில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

கொழுந்து வாட்டும் மேல் மாடி ஜன்னலிலிருந்து டிஸ்பென்சரியின் விறாந்தை தெரியும். கொழுந்தைப் பார்ப்பவன்போல் அங்கே போய் நிற்பேன். அவள் லயத்துப் பெண் ஒருத்தியின் காலுக்கு மருந்து கட்டுவாள். ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடப்பாள். அந்த மனிதர் அவளிடம் இரண்டு முழத்துக்கு அப்பால் நின்றுதான் பேசினார். தவறாக ஒன்றையும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கூப்பிட்டால் அவள் ஓடினாள். நான் கூப்பிட்டால் வந்தாள். அந்த வித்தியாசம் என்னைத் தின்றது. அவர்மேல் மட்டுமல்ல, அந்தக் காலில் புண் வைத்திருந்த பெண்மேலும் எனக்குப் பொறாமை.

பெரிய கிளாக்கர் மனைவி அதில் எண்ணெய் ஊற்றினாள். ஒருநாள் வழியில் என்னை நிறுத்தி, "என்னங்க தம்பி, டீமேக்கர் வீட்டுல இப்பல்லாம் டாக்டர் வாசம் அடிக்குதாமே?" என்றாள்.

அந்த வாரமே மனைவி என்னிடம் வந்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி வேலை பழக்குகிறார்கள், ஒரு வருஷம், தோட்டம் அனுப்பினால் திரும்பி வந்து இங்கேயே உத்தியோகம். துரைக்குச் சம்மதம்.

"டீமேக்கர் பொஞ்சாதி லயத்துக்குப் பிரசவம் பாக்கப் போறதா?"

"போனா என்னங்க? அவங்களும் நம்ம ஆளுங்கதானே. ஒரே ஒரு வருஷம். எனக்கு இங்க வேற என்ன இருக்கு, சொல்லுங்க."

நான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் காலை துரையின் ஆபீசுக்குப் போனேன். என் மனைவி கொண்டுவரும் கார்பாலிக் வாசனை என் உடுப்பில் ஏறி ஸ்டோருக்குள் வருகிறது, நேற்றைய தூளில் இலேசாகத் தட்டியது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கையோடு கொண்டுபோயிருந்த தூளை அவர் முகர்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்றுமே இல்லை. "உன் மூக்கு சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார்.

டீமேக்கர் வீட்டார் யாரும் டிஸ்பென்சரியில் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. டிக்கோயாவுக்குப் பெரிய கிளாக்கரின் தங்கை மகளை அனுப்புவதாக முடிவாயிற்று. காரணத்தை மருந்துக்காரரே, கள்ளமில்லாமல், அவளிடம் சொல்லியிருக்கிறார்.

பின்னேரம் நான் வந்தபோது அவள் கதவருகே நின்றாள்.

"நெசமாவே தூள்ல மணந்துச்சா?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

"டிக்கோயாவுக்கு வெள்ளிக்கிழமைதான் கடுதாசி போகுதாம். இன்னும் மூணு நாள் இருக்கு. தப்பா மோந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன்."

அவள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, எனக்குத் தப்பிக்க வழியும் காட்டினாள். அப்போதும் என் மனதில் ஓடியது ஒன்றுதான். போனால் டிக்கோயாவில் அவள் தினமும் அப்படிச் சிரிப்பாள், நான் அங்கே இருக்கமாட்டேன்.

"என் மூக்கு தப்பாது" என்றேன்.

"அப்ப சரிங்க."

அன்று சோறு போடுமுன் கைகளை வெறும் தண்ணீரில் மூன்று தடவை கழுவிவிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க." முகர்ந்தேன். ஒன்றும் இல்லை என்றேன். பிறகுதான் பரிமாறினாள். மறுநாளும் நீட்டினாள். கிளாக்கரின் தங்கை மகள் படிப்பு முடித்து வெள்ளைச் சேலையோடு வந்தாள், மருந்துக்காரர் மாற்றலாகிப் போனார், எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். என் மனைவி ஒவ்வொரு வேளையும் கையை நீட்டினாள். நிறுத்து என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்பாள். அதனால் ஏழெட்டு வருஷம் முகர்ந்தேன். அந்தக் கைகள் என்மேல் கோபமாகவாவது இருக்கின்றன என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது.

ஒருநாள் மத்தியானம் அவள் நேரே வந்து சோற்றைப் போட்டாள். நான் காத்திருந்தேன். மகளுக்குத் தட்டு எடுக்கப் போனவளிடம், "இன்னைக்குக் கையைக் காட்டலியே?" என்று கேட்டேன்.

என்ன கேட்கிறேன் என்பது விளங்க அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

"அதுவா? மறந்துட்டேங்க" என்றாள்.