பெரியப்பாவின் இழைப்புளி

அத்தைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனது சுதந்திரம் வந்ததற்கு அடுத்த ஆண்டு, மாசி மாதத்தில். தை மாதம் என்று அம்மா கடைசிவரை சாதித்தாள். ஆனால் நாங்கள் ஏறிய ஜட்கா வண்டி, திருவொற்றியூரில் தெருவோரம் நீட்டிக் கிடந்த தேர்வடத்தைச் சுற்றிக்கொண்டு போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தையில் அங்கே தேர் ஏது? ஆகவே மாசிதான்.

அப்பா, அம்மா, பெரியப்பா ஆகிய மூவர் மட்டுமே போவதாக இருந்தது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பதால், கணக்கைச் சரிசெய்ய எட்டு வயதான எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி ஏற்றிக்கொண்டார்கள். அத்தை வாசல்வரை வந்து நின்றாள். அதற்கு முன் இரண்டு இடங்கள் பேசி முறிந்திருந்தன. இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று வீட்டில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்திருந்தது. அத்தையின் காதில் விழாமலா இருக்கும்?

பெரியப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் அப்பாவின் அண்ணன், எங்களோடு ராயபுரத்தில் இருந்தார். மரக் கிடங்கு ஒன்றில் எழுத்து வேலை. தச்சர் அல்ல. ஆனால் நல்ல மரவேலையைக் கண்டால் தன்னை மறந்துவிடுவார். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். துக்கம் கேட்கப் போன வீட்டில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, அம்மாவைத் தலைகுனிய வைத்தவர். "மூஞ்சிக்கு எவன் வேணா மெருகு போடுவான், முதுகக் காட்டச் சொல்லு" என்பார். மரம் சரியாகப் பொருந்தாத இடத்தில், பசையில் மரத்தூளைக் குழைத்து இடுக்கை அடைக்கிற வழக்கம் ஒன்று உண்டு. அதைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "சொத்தப் பல்லுல சுண்ணாம்ப வெச்சி அமுக்கிக்கினு சிரிக்கிறான் பாரு."

அவர் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே உளிகள், மூலைமட்டம், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஓர் இழைப்புளி. கப்பல் தச்சர் ஒருவர் அவருக்குக் கொடுத்தது. ஈட்டி மரத்தில் செய்த உடம்பு. பிடிக்கிற இடம் மட்டும் பல கைகள் பட்டு வழவழவென்று குழிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் பலகை ஒன்றை வைத்து இழைப்பார். எதையும் செய்வதற்காக அல்ல, அந்தச் சத்தத்துக்காக. சுருண்டு விழும் சீவல்களை நான் காதில் தொங்கட்டானாக மாட்டிக்கொள்வேன். ஒரு மழைக்காலத்தில் ஊறி இறுகிய கதவை இழைக்க அப்பா அந்த இழைப்புளியை எடுத்துவிட்டார். கார்த்திகை தாண்டும்வரை அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

திருவொற்றியூர் மாப்பிள்ளை, கொருக்குப்பேட்டை ரயில்வே சரக்கு நிலையத்தில் குமாஸ்தா. ஒல்லியாக, கூச்சமாக நின்றார். தகப்பனார் இல்லை, அம்மா மட்டும். கூடத்தில் ஒரு தேக்கு பீரோ நின்றது. பெரியப்பா மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லை. நேராகப் பீரோவிடம் போய், அனுமதி கேட்டு, கீழ் இழுப்பறையை முழுதாக உருவி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன் மூலைகளில் இரண்டு பலகைகளும் விரல்களைக் கோத்ததுபோல் பின்னியிருந்தன. ஓர் ஆணி இல்லை.

"பர்மா தேக்கு. யாரு வேலம்மா இது?"

"எங்க மாமனார் காலத்துதுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

பெரியப்பா அப்பா பக்கம் திரும்பினார். "பாத்துக்கினியா? பின்னாடிப் பலகய கூட இழச்சி வெச்சிக்கிறான். இத ஆண்ட வூட்டுக்குக் கண்ண மூடிக்கினு பொண்ணு குடுக்கலாம்."

அப்பாவின் முகம் தெளிந்தது. அம்மா தட்டிலிருந்த வெற்றிலையை எடுக்கக் கை நீட்டினாள். அப்போதுதான் மாப்பிள்ளை வாய் திறந்தார்.

"சார், அது எங்களுது இல்ல. பக்கத்து வூட்டுது. காலைல நாலு பேரா தூக்கியாந்து வெச்சோம்."

"டேய்!" என்றார் அவருடைய அம்மா.

"சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்மா." பிறகு மூலையைக் காட்டினார். "அந்த ஸ்டூல்தான் எங்களுது. நானே பண்ணது."

பெரியப்பா இழுப்பறையை மெதுவாகத் திரும்பச் செருகினார். ஸ்டூலைக் கவிழ்த்து, கால்கள் சேருமிடங்களை நகத்தால் தடவிப் பார்த்தார். நிமிர்த்தி வைத்தார். அது டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஒரு கால் குட்டையா கீதே தம்பி."

"தெரியும் சார். அடியில அட்ட வெச்சிருந்தேன். நீங்க வரீங்கன்னு அம்மா எடுத்துட்டாங்க."

நான் சிரித்தேன். அம்மா கிள்ளினாள். வெற்றிலை தட்டிலேயே இருந்தது.

வீடு வந்து சேரும்வரை அப்பா பொருமினார். "பீரோவ இரவல் வாங்கி வெச்சி ஏமாத்தப் பாத்தாங்களே! நாளைக்கு இன்னான்னா பண்ணுவாங்க?" வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் பெரியப்பா சொன்னார். "ஸ்டூல்ல வேல சுத்தமில்ல. இணப்புல சந்து கீது, நகம் நுழையுது. ஆனா தூளு வெச்சி அடைக்கல."

"நாம பொண்ணு குடுக்கப் போனமா, ஸ்டூல் வாங்கப் போனமா?" என்று அப்பா கத்தினார்.

அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். ஆள் எப்படி, நிறம் என்ன, உயரமா என்று கேட்பாள் என்று நினைத்தேன். சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன்.

"பீரோ இரவல்னு அவராவே சொன்னாரா, பெரியண்ணா கண்டுபுடிச்சப்புறம் சொன்னாராடி?"

"அவராத்தான் சொன்னாரு. பெரியப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது. பொண்ணு குடுக்கலாம்னு கூடச் சொல்லிட்டாரு அத்தை."

"பெரியண்ணா அப்படிச் சொன்னப்புறமா அவரு உண்மையச் சொன்னாரு?"

"ஆமா. முட்டாளு."

அத்தை கூடத்துக்குப் போனாள். அண்ணன்களுக்கு எதிரே நின்று அவள் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. "எனக்குச் சம்மதம்ண்ணா" என்றாள். ஆடுகிற ஸ்டூல் உள்ள வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறாளே என்று எனக்கு அவள்மேல் வருத்தமாக இருந்தது. அப்பா விசிறியை எடுத்து நெடுநேரம் விசிறிக்கொண்டார்.

கல்யாணம் வைகாசியில். இதில் அம்மாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பித்தளைக் குடம், குத்துவிளக்கு, தவலை என்று உறவினர்கள் அடுக்கினார்கள். கடைசியாகப் பெரியப்பா வந்து ஒரு துணிப் பொட்டலத்தை மாப்பிள்ளை கையில் வைத்தார். "அந்த ஸ்டூல் காலச் சரி பண்ணு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, பந்தியைக் கவனிக்கப் போவதுபோல் போய்விட்டார்.

மாப்பிள்ளை துணியைப் பிரித்தார். எண்ணெய் வாசனை வந்தது. எட்டிப் பார்த்த அத்தை, முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாரும் புதுசு கொடுத்திருக்க, சொந்த அண்ணன் பழசைக் கொடுத்துவிட்டாரே என்றுதான் அழுகிறாள் என்று எனக்குப் பட்டது. நான் அவள் காதருகே போய், பெரியவள் ஆனதும் புதுசாக ஒன்று வாங்கித் தருகிறேன், அழாதே என்றேன். அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள்.