மட்டையோடு ஓடியவன்

ஞாயிறு மதியம் மழை பிடித்துக்கொண்டது. என் மனைவி செல்வி டிவியில் ஒரு காதல் படத்தைப் போட்டாள். தமிழ் பேசும் அமெரிக்கப் படம். இலைகள் பழுத்து உதிர்கின்றன. நாயகன் பேஸ்பால் ஆடுகிறான், நாயகிக்கு பேஸ்பால் பிடிக்காது. இருவரும் சேர்வார்கள் என்பது பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. இன்னும் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும்.

நாயகன் பந்தை அடித்தான். மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

"இன்னாங்க, கட்டைய போட்டுட்டு ஓடுறான்?"

"அப்படித்தான் ஓடணும்" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.

"அதுக்கு என் மேல ஏன் எரிஞ்சு உழுறீங்க?"

எரிச்சல் அவள் மேல் இல்லை. ஆவடியில் பிளஸ் டூ படித்த ஒருவன் மேல். அது நான்தான்.

எங்கள் பி.டி. மாஸ்டர் பேஸ்பால் அணி தொடங்கியது விளையாட்டின் மேல் உள்ள ஆசையால் அல்ல. "கிரிக்கெட்டுக்குத் தெருவுக்கு ஒரு டீம் கீது. இதுக்கு மாவட்டத்துக்கே நாலு டீமுதான்டா. ஜெயிச்சா ஸ்டேட் மேட்ச்சு, ஸ்டேட் போனா சர்டிபிகேட்டு, அதக் காட்டுனா காலேஜ் சீட்டு" என்றார். ஜெராக்ஸ் தாளை வைத்துக்கொண்டு விதிகளை எங்களோடு சேர்ந்துதான் அவரும் படித்தார்.

களத்தில் நிற்பது ஒன்பது பேர். கையுறைகள் எங்களிடம் நான்கு, எதிரணியிடம் ஐந்து. ஆட்டம் கை மாறும்போது கழற்றி மைதானத்திலேயே வைத்துவிட்டுப் போவோம், அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். உள்ளே இன்னொருவன் வியர்வை வெதுவெதுப்பாக இருக்கும். ஈரத்தோலும் தேங்காய் எண்ணெயும் கலந்த அந்த வாசனையை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. விக்கெட் கீப்பர் மாதிரிப் பின்னால் நிற்பவனுக்கு மாஸ்டரின் ஸ்கூட்டர் ஹெல்மெட். ஐப்பசி மழையில் அதன் கண்ணாடி வழியாகப் பந்து எங்கே என்று தேடுவான்.

பந்து வீசுபவன் குணா, என் பெஞ்ச்காரன். "நீ மார்க்குல பூந்துடுவ மச்சான். எனுக்கு இந்தப் பேப்பரு வந்தாத்தான் காலேஜு. இல்லாங்காட்டி எங்க நைனாவோட லோடு ஏத்தத்தான் போவணும்" என்பான். பள்ளிச் சுவரில் கரியால் ஒரு கட்டம் வரைந்து, தினமும் இருட்டும்வரை அதில் எறிவான்.

மாவட்ட இறுதிப் போட்டி, கடைசிச் சுற்று. இரு அணியும் சமம். சுற்றி ஓடவேண்டிய நான்கு மூலைகளில் மூன்றாவதில் குணா ஓடிவரத் தயாராக நிற்கிறான், மட்டை என் கையில். நான் ஆட்டமிழந்தால் எங்கள் முறை முடிந்தது. அடித்துவிட்டு, பந்து போய்ச் சேருமுன் முதல் மூலையில் கிடக்கும் மண் அடைத்த சாக்கைத் தொட்டால் குணாவின் ஓட்டம் செல்லும். ஜெயித்துவிடுவோம்.

அடித்தேன். ஓடினேன், மட்டையோடு. ஏழு வயதிலிருந்து கிரிக்கெட்டில் ஓடிய மாதிரியே குனிந்து, மட்டையை நீட்டிச் சாக்கில் வைத்தேன். என் கால் ஒரு முழம் பின்னால் இருந்தது. பந்து வந்துவிட்டது.

"டேய், அது கிரீஸ் இல்லடா, சாக்குடா! உடம்பு படணும்டா!" மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். அதுவும் அந்த ஜெராக்ஸ் தாளில் இருந்ததுதான்.

அடுத்த சுற்றில் அவர்கள் ஒரு ஓட்டம் எடுத்தார்கள், நாங்கள் எடுக்கவில்லை. முடிந்தது.

குணா என்னைத் திட்டவில்லை. "உடு மாமே, கையில கட்டை இருந்தா நீட்டத்தான் தோணும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் எனக்கு இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

நான் மார்க்கில் கல்லூரிக்குப் போனேன். அவன் லோடு ஏற்றப் போனான். பல வருடம் கழித்து சென்னீர்குப்பம் டீக்கடையில் பார்த்தேன். சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

"உங்க காலேஜுல பேஸ்பால் டீம் இருந்துச்சா?"

"இருந்தது."

"ஆடுனியா?"

"இல்லடா."

அப்போதுதான் அவன் முகம் மாறியது. "ஏன்டா? இன்னா கஷ்டம் உனுக்கு?"

நான் டீயை ஊதினேன். "போடா" என்று வண்டியை எடுத்தான்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது படத்தில் நாயகன் தோற்றான், நாயகி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த குணாவுக்குப் போன் போடுங்களேன்" என்றாள். அன்று டீக்கடையில் அவன் கொடுத்த நம்பருக்குப் போட்டேன். உபயோகத்தில் இல்லை என்றது. பள்ளியில் இப்போது பேஸ்பால் கிடையாது. சாலையை அகலப்படுத்தியதில் டீக்கடையும் போய்விட்டது. மறுபடியும் அதே நம்பரைப் போட்டேன்.