மறைவுக்கு விட்ட இடம்

என் பிழைப்பு பெரும்பாலும் இறந்தவர்களோடுதான். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டிச் சம்பாதித்தவர்கள் புதுவீடு கட்டினால், ஹாலில் மாட்டுவதற்குப் பெற்றோர் படம் கேட்பார்கள். போட்டோவைப் பார்த்து ஆயில் பெயிண்டில் வரைவேன். கீழே ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று எழுதித் தேதி போடுவேன். அதற்கெல்லாம் யோசிப்பதே இல்லை, கை தானாக ஓடும்.

அப்படி வந்த ரிக் முதலாளி ஒருவருக்கு அப்பா இல்லை, அம்மா இருந்தார். இருவர் படமும் ஜோடியாக வேண்டும் என்றார். தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த அம்மாவைப் புதுவீட்டுக்கு வந்துவிடச் சொல்லி ஒரு வருடம் கெஞ்சி, அப்போதுதான் சம்மதம் வாங்கியிருந்தார்.

கிரகப்பிரவேசத்தன்று காலையில்தான் படங்களைக் கொண்டுபோனேன். சொந்தபந்தமெல்லாம் சூழ்ந்து நிற்க, அந்த அம்மாவே தன் படத்தின் காகிதத்தைப் பிரித்தார். முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கீழே படித்தார். ‘மறைவு’ என்று எழுதி, தேதிக்கு இடம் விட்டிருந்தேன்.

“ஏஞ்சாமி, எனக்கு நாள் குறிக்கறதுதான் பாக்கிங்களா?” என்று என்னைக் கேட்டார்.

என் தவறு என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால் வாய் வரவில்லை. “உங்க பையன் எழுதிக் குடுத்தபடிதாங்க எழுதினேன்” என்றேன்.

“நான் அப்படி எழுதலீங்கம்மா” என்று மகன் பதறினார். அவரை யாரும் நம்பவில்லை. நானோ டர்பன்டைன் துணியால் அந்த வரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவன். அந்த அம்மா பந்தியில்கூட உட்காராமல் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து தூரிகையை எடுத்தாலே அவர் மகனின் முகம்தான் கண்முன் வந்து நின்றது. இரண்டு மாதம் கழித்து, பொறுக்க முடியாமல் தோட்டத்துக்குப் போனேன்.

“தப்பு என்னுதுங்கம்மா. பழக்கதோஷத்துல எழுதிட்டு, பயத்துல உங்க பையன் மேல பொய் சொல்லிட்டேன். அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க.”

கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். குடிக்க மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

“பாவம், பழிய உங்களை ஏத்துக்கச் சொல்லி அனுப்பிச்சுட்டானாக்கும்? ஒரு நடை வந்து அம்மான்னு கூப்புடறதுக்கு அவனுக்கு முடியலீங்களா, சாமி?”

சத்தியம் செய்தேன். “இருக்கட்டுங்க” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மகன் வீட்டுக்கு அவர் இன்றுவரை போகவில்லை.