சின்ன வண்டி, பெரிய இன்ஜின்

பழைய கார் வாங்க வருகிறவர் முதலில் டயரை உதைத்துப் பார்ப்பார், அப்புறம் விற்கிறவன் முகத்தைப் பார்ப்பார். இரண்டிலும் காற்று குறைவாக இருப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

2005 முதல் 2011 வரை கடலூர் செம்மண்டலத்தில் ஒரு கார் கன்சல்டிங்கில் வேலை பார்த்தேன். எங்கள் பக்கம் பழைய கார் வாங்கி விற்கிற இடத்துக்கு அதுதான் பெயர். முதலாளி ஹமீது பாய். மெக்கானிக் செல்வம். மூன்றாவது ஆள் நான். வருகிறவர்களுக்கு வண்டியைக் காட்டி, கூடவே உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய் வருவது என் வேலை.

ஹமீது பாய்க்கு ஒரு பலவீனம். இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருடங்களில் வந்த சின்ன கார்களில் சிலவற்றுக்கு உருவம் சின்னது, இன்ஜின் பெரிசு. புதிதாக இருந்தபோது விலை ஜாஸ்தி என்று யாரும் கிட்டே போகவில்லை. பழசாகி விலை இறங்கியதும் பாய் அவற்றைத் தேடித் தேடிப் பிடித்து வந்தார். வந்தவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். மைலேஜ் எவ்வளவு, ஸ்பேர் கிடைக்குமா, திரும்ப விற்றால் போகுமா. ஓட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டவர் ரொம்பக் குறைவு. இந்த மூன்றுக்கும் சிரித்தபடியே பதில் சொல்லி வாய் வலித்தவர்கள், அல்லது இந்த மூன்றையும் கேட்டும் தப்பான வண்டியில் மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

நீல வண்டி

வேலைக்குச் சேர்ந்த மறு வருடம், புரோக்கர் ஒருவர் மூலமாக ஒரு நீல வண்டி வந்தது. பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஸ்டார்ட் செய்தால் ஒரு உறுமல். நெல்லிக்குப்பத்திலிருந்து புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி அதைப் பார்த்து மயங்கிப்போய், சாயங்காலம் வந்து முடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மணி நேரம் நான்தான் அந்த வண்டியைப் புகழ்ந்து தள்ளியிருந்தேன்.

மத்தியானம் தேவனாம்பட்டினத்திலிருந்து கலியமூர்த்தி என்பவர் தன் மச்சானோடு வந்தார். சொந்தமாகப் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். பானெட்டைத் திறந்து காட்டினேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். விரலை எடுத்து மோந்தார். அப்புறம் நாக்கில் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "மெக்கானிக்க கூப்புடு, இந்த கார்பெட்ட தூக்கச் சொல்லு" என்றார். செல்வம் தூக்கினான். மூலையில் மாவு மாதிரி கடல் மணல். சீட் நகர்கிற தண்டவாளம் முழுக்க துரு. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தால், பாதியில் தண்ணீர் நின்ற கோடு. சுனாமியில் மூழ்கி எழுந்த வண்டி.

ஹமீது பாய் வந்து பார்த்தார். புரோக்கருக்குப் போன் போட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நெல்லிக்குப்பம் ஜோடிக்கு நான் போன் போட்டு, வர வேண்டாம் என்றேன். போனை வைத்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கலியமூர்த்தியிடம் எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல், "வேற வண்டி பாக்குறீங்களாண்ணே?" என்றேன். அவர் லுங்கியில் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கடல்ல போறதுக்கு எங்ககிட்ட ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கு தம்பி. நீ ரோட்ல போறதா பாத்து காட்டு."

புதுச்சத்திரத்தில் ஒரு டிராக்டர்

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஜெயந்தி, கணவர் மோகனோடு வந்தார். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வந்து சலித்துப்போனவர். கார் அவருக்குத்தான். ஆனால் பேசியதெல்லாம் மோகன். மைலேஜ், மைலேஜ், மைலேஜ். வெள்ளி நிற வண்டி ஒன்று. லிட்டருக்குப் பன்னிரண்டு தாண்டாது என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "சரி, சும்மா ஓட்டிப் பாக்கறேன்" என்று சாவியை வாங்கினார். நான் பக்கத்தில், அந்த அம்மா பின்னால்.

சிதம்பரம் ரோட்டில் ஆலப்பாக்கம் தாண்டியதும் மோகனுக்குக் கால் சூடு பிடித்துவிட்டது. மெதுவா, மெதுவா என்று நான் சொல்லச் சொல்ல, புதுச்சத்திரம் கிட்டே சவுக்குக் கட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்துச் சந்திலிருந்து அப்படியே ரோட்டுக்கு வந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அதை ஓட்டியவர். மோகன் இரண்டு காலாலும் மிதித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கண்ணாடிக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் சவுக்குக் கட்டையின் வெட்டு முனைகள். வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை. பிடித்து வைத்த மாதிரி நேராக நின்றிருந்தது.

ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். தண்ணீர் உள்ளே போனதும் மோகனுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. "டவுன்ல ஓட்டுனா அந்தப் பன்னெண்டாவது குடுக்குமா?" என்று ஆரம்பித்தார். அதுவரை வாயே திறக்காத ஜெயந்தி பின்சீட்டிலிருந்து சொன்னார்:

"மைலேஜ அப்பறமா கேளுங்க. நான் தெனம் அடிபட்டு வர்றவங்கள பாக்கறவ, எனக்கு இந்த வண்டிதான் வேணும்."

எலுமிச்சம்பழம்

பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருந்த தண்டபாணிக்கு ஐம்பது வயதில் லைசென்ஸ் வந்தது. சிவப்பு வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக ஒன்றை எடுத்தார். திருவதிகை கோயில் வாசலில் பூஜை. நானும் பைக்கில் போயிருந்தேன். குருக்கள் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். "மெதுவா முன்னாடி எடுங்கோ" என்றார்.

அந்த வண்டியில் முதல் கியரும் ரிவர்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பெருமாள், சிவன், குலதெய்வம் என்று எல்லாரையும் கும்பிட்டுவிட்டுத் தண்டபாணி கிளட்சை விட்டார். வண்டி ஒரே பாய்ச்சலாகப் பின்னால் போனது. வண்டிக்குப் பின்னால் தட்டோடு நின்றிருந்த அவர் மனைவி அப்போதுதான் திருநீறு வாங்க நகர்ந்திருந்தார். அந்த இரண்டடிதான். வண்டி என் பைக்கின் முன்சக்கரத்தைத் தொட்டதும் இன்ஜின் அணைந்து நின்றது. பைக் ஆடியது, விழவில்லை. தண்டபாணி இறங்கி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். அந்த அம்மாதான் அவரைத் தேற்றினார். எல்லாம் அடங்கிய பிறகு, நசுங்காமல் கிடந்த இரண்டு பழங்களையும் குனிந்து எடுத்த குருக்கள் சொன்னார்:

"இத்தனை வருஷத்துல பழம் தப்பிச்சு இப்பதான் பாக்கறேன்."

நாற்பதுக்கு மேல் போகாதவர்

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

மேல்பட்டாம்பாக்கத்தில் ராமலிங்கம் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எங்களிடம் இருந்ததிலேயே வேகமான கருப்பு வண்டியை வாங்கினார். காரணம் வேகமில்லை, அதன் சீட் இரண்டு பக்கமும் உடம்பை அணைத்துப் பிடிக்கும், அவருக்கு முதுகுவலி. நாற்பதுக்கு மேல் ஓட்டவே மாட்டார். ஓட்டும்போது போனை அணைத்துவிடுவார். நல்ல பழக்கம் சார் என்று நானே பாராட்டியிருக்கிறேன்.

வாங்கி மூன்றாவது வாரம், ஒரு ஞாயிறு காலை, வேறு ஊர் மெக்கானிக் ஒருவர் செல்வத்தைப் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில், "அந்தக் கருப்பு வண்டி போயிடுச்சா? முன் சக்கரத்த தாங்குற ஆர்ம் ஒடஞ்சி வந்துது. அவசரத்துக்கு நான்தான் வெல்டிங் வச்சிக் குடுத்தேன், சீக்கிரம் மாத்திடுன்னு ஓனர்கிட்ட சொல்லியிருந்தேன். மாத்துனானா?" என்றார். செல்வம் என்னைப் பார்த்தான். நான் செல்வத்தைப் பார்த்தேன். மாற்றியிருந்தால் செல்வத்துக்குப் புது ஆர்ம் தெரிந்திருக்கும். செல்வம் சோதித்த அன்று வெல்டிங் மேல் தார் பெயின்ட் அடித்திருந்தது. அவன் கண்ணில் படவில்லை.

ராமலிங்கம் சார் அன்றைக்குத்தான் குடும்பத்தோடு தஞ்சாவூர் கிளம்பியிருந்தார், தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்கு. வீட்டு நம்பருக்கு அடித்தால் மாமியார் எடுத்து, சிதம்பரம் வழியாக அரை மணிக்கு முன்னால் போய்விட்டதாகச் சொன்னார். அவர் போன் அணைந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விற்றாகிவிட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது, நமக்குத் தெரியாது என்று இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. ஹமீது பாய் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "என்னாப்பா நிக்கிற? பொண்டாட்டி புள்ளைங்களோட போறாரு அந்த மனுஷன். ஓடு!" என்று கத்தினார்.

செல்வத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் ரோட்டில் பைக்கை விட்டேன். ஒவ்வொரு வளைவிலும் கூட்டம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். பரங்கிப்பேட்டைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு கார் குறுக்கே நின்று ஜனம் கூடியிருந்தது. கருப்பு. உயிர் போய் வந்தது. கிட்டே போனால் வேறு வண்டி, ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. கடைசியில் சிதம்பரம் மேலவீதி ஓட்டல் ஒன்றின் எதிரில் அந்தக் கருப்பு வண்டி சமர்த்தாக நின்றிருந்தது. செல்வம் சட்டையோடு ரோட்டில் படுத்து அடியில் பார்த்தான். வெல்டிங்கில் முடி அளவு விரிசல். வேகமாக ஓடியிருந்தால் விட்டுப்போயிருக்கும். நாற்பதிலேயே வந்ததால் தாங்கியிருக்கிறது.

உள்ளே ஓடினேன். சார், மனைவி, இரண்டு பெண்கள், நான்கு இலை. "சார், வண்டி... வண்டிய எடுக்காதீங்க, தப்பு எங்க மேல" என்று எதையோ சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புதுச்சேரியிலிருந்து புது ஆர்ம் வரவழைத்து மறுநாளே மாட்டிக் கொடுத்தோம். அவர்கள் பஸ்ஸில் தஞ்சாவூர் போனார்கள். திட்டுவார், அடிப்பார் என்று நான் எதிர்பார்த்து நின்ற அந்த நேரத்தில், சார் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொன்னது இது:

"மொதல்ல ஒக்காந்து ரெண்டு இட்லி சாப்புடுங்க, மூச்சு வாங்குது. அப்பறம் எது ஒடஞ்சிருக்குன்னு பொறுமையா சொல்லுங்க."

என் முறை

கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து எனக்கும் ஒரு கார் வாங்கலாம் என்று ஆசை வந்தது. அதே ரகம்தான், 2003 மாடல். எத்தனையோ பேருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவனுக்குத் தனக்கென்று ஒன்றைப் பிடிக்க முடியவில்லை. ஒன்றில் கதவுச் சத்தம் சரியில்லை. இன்னொன்றில் ஸ்டீயரிங் கனம். வேலூரில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று என்று போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். மூன்றாவதாகப் பார்த்த சாம்பல் நிற வண்டிக்கு அடியில் செல்வம் இரண்டு முறை படுத்து எழுந்தான். நல்ல வண்டி என்றான். இன்னொரு முறை படு என்றேன். அவன் வேலை இருக்கிறது என்று போய்விட்டான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சுமதி, அவள் அப்பாவும் மாமாவும் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் சொன்னாள்:

"என்னய பொண்ணு பாக்க வந்தப்ப காபி ஆறறதுக்குள்ள சரின்னுட்டீங்க, இந்தத் தகர டப்பாவுக்கு நாலு மாசமா?"

அன்றைக்கே எடுத்துவிட்டோம். ஆறு வருடம் பார்த்ததில் சொல்கிறேன், வேகமாகப் போகிற கார் வாங்கிய ஒவ்வொருவரும் நிம்மதியாக மூச்சுவிட்டது அது ஒழுங்காக நின்றபோதுதான்.