கிழிக்காமல் வைத்திருந்த படம்

நண்பர்களே, இன்று டிராமில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாரென்று பார்த்ததும் கையிலிருந்த பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

போன மார்கழியில் என் பாக்ஸ் கேமராவும் கையுமாக மயிலாப்பூர்த் தெருக்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன் அல்லவா? பால்காரர், பஜனை கோஷ்டி, குளத்துப் படியில் வெயில் காய்கிறவர்கள் என்று எதையும் விடவில்லை. ஒருநாள் மாட வீதியில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தியையும் எடுத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டாள்.

அவள் கணவர் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார்.

"யாரைக் கேட்டு எடுத்தீர்? கிழிச்சுப் போடும் ஓய்!"

பிரிண்ட் போட்டு வந்ததும் கிழித்துவிடுவதாகச் சத்தியம் செய்தேன். ஆனால் கிழிக்கவில்லை. நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம்.

அந்தக் கணவர்தான் இன்று என் பக்கத்தில்.

"அந்தப் படத்தைக் கிழிச்சுட்டீரா?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன், வரவில்லை. "இல்லை சார். மன்னிக்கணும்."

அவர் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயந்து அவளைக் கும்பகோணத்துக்கு அனுப்பி மூணு வாரம் ஆறது. ஆத்துல அவ படம்னு ஒண்ணுகூட இல்லை. எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா?"

நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். என் கையைப் பிடித்து அழுத்தினார். லஸ்ஸில் இறங்கியவர் ஜன்னலருகே வந்து, "நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதேயும்" என்றார்.

சொல்லவில்லை. நம் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதித்தான் இருக்கிறேன். நீங்களாக இருந்தால் மனசுக்குள்ளேயே வைத்திருப்பீர்களா?