அழுத்தாமல் வைத்த மூன்று விரல்கள்

“…நாலாம் பெட்டுக்கும் எழுபத்தாறு, அஞ்சாம் பெட்டுக்கும் எழுபத்தாறு. செவுத்தைப் பிடிச்சாலும் எழுபத்தாறுன்னுதான் எழுதுவியா ஆயிஷா?” என்று நான் நாடி எழுதிய சார்ட்டை என் முன்னால் வைத்தார் வார்டு இன்சார்ஜ் சாரதா சிஸ்டர்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்தவள். ஒருநாள் லைனில் என் தோழி மயங்கி விழுந்தாள். சுற்றி அத்தனை பேர் நின்றோம், என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் வேலையை விட்டு நர்சிங் சேர்ந்தேன். “பசங்களை நான் பாத்துக்கறேன், நீ படி” என்றார் என் வீட்டுக்காரர்.

ஆனால் நாடி எனக்குப் பிடிபடவே இல்லை. கூடப் படிக்கும் சின்னப் பெண்கள் தொட்டதும் எண்ணிவிடுவார்கள். கேட்க வெட்கம். ஷிஃப்ட் முடியும் அவசரத்தில், செக் ஷீட்டின் மேல் கட்டத்து எண்ணையே கீழேயும் எழுதுகிற கம்பெனிப் பழக்கம் எனக்கு உண்டு. அதையே இங்கும் செய்தேன். தப்பென்று தெரிந்தேதான். சிஸ்டரிடம் அதை ஒப்புக்கொண்டேன்.

“அங்க பீஸ் ரிஜெக்ட் ஆவும். இங்க ஆள் போயிடும்” என்றார் சிஸ்டர். “மதியம் என் முன்னாடி பிடிச்சுக் காட்டு. இல்லன்னா பிரின்சிபாலுக்கு எழுதிடுவேன். நீ வீட்டுக்குப் போகலாம்.”

துணி அடுக்கும் அறையில் மதியத்து லுஹர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். “யா அல்லாஹ், பொய் எழுதிட்டேன். மன்னிச்சிடு. இந்த விரலுக்கு உணர்ச்சி கொடு. இல்லன்னா யார் உயிருக்கும் ஆபத்து வர்றதுக்குள்ள என்னை இங்கேருந்து அனுப்பிடு.” அழுது முடித்தபோது கைகளில் வலுவே இல்லை.

ஐந்தாம் பெட்டில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ராகி விவசாயி நரசப்பா படுத்திருந்தார். “மெதுவாம்மா. காலைல நீ அமுக்கினதே இன்னும் வலிக்குது. நான் ராகி அறுக்கணும்” என்று சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

அழுத்த எனக்குத் தெம்பில்லை. மூன்று விரல்களும் அவர் மணிக்கட்டின் மேல் சும்மா கிடந்தன.

அப்போது வந்தது. தோலுக்கு அடியிலிருந்து ஏதோ எழும்பி என் விரலைத் தொட்டது. மறுபடியும். மறுபடியும். வாட்ச்சைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். ‘டிக்’கென்று சத்தம் வரும்வரை ஒயர் முனையைக் கிளிப்புக்குள் அமுக்கிப் பழகிய கை என்னுடையது. அதே பலத்தில் அமுக்கி, ஓடிய நாடியை நானே மறித்து வைத்திருக்கிறேன். நான் உணர்ச்சியைக் கேட்டேன்; என்னைப் படைத்த ரப்பு என் பலத்தை எடுத்துக்கொண்டான்.

“தொண்ணூத்தி நாலு சிஸ்டர். நடுநடுவுல ஒண்ணு விட்டுப்போவுது.”

சிஸ்டர் தானே முழு நிமிடம் எண்ணிப் பார்த்தார். டாக்டரைக் கூப்பிட்டார். உடனே ஈசிஜி எடுத்து, நரசப்பாவின் இதயத்துக்கு மருந்து தொடங்கினார்கள்.

அல்ஹம்துலில்லாஹ். அதன் பிறகு எண்ணாமல் ஓர் எண்ணையும் நான் எழுதியதில்லை. ஒவ்வொரு கையைப் பிடிக்கும்போதும் இன்றும் உடல் சிலிர்க்கிறது. சகோதரிகளே, வயது தாண்டிவிட்டது, இனி எதற்கு என்று தயங்குகிறீர்களா? உங்கள் திறமையை மட்டுமல்ல, தப்பையும் சேர்த்து அவன் முன்னால் வைத்துக் கேளுங்கள். கேட்ட விதத்திலேயே தருவான் என்று சொல்ல மாட்டேன். தருவான்.

அன்று டாக்டர் போன பிறகு சாரதா சிஸ்டர் என்னிடம் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாட்ச்சைக் கழற்றினார். “ரெண்டு மாசமா எனக்கும் படபடன்னு வருது. யார்கிட்டயும் சொல்லல” என்று தன் கையை என் பக்கம் நீட்டினார்.