காவடியும் கிரியேட்டின் கைனேஸும்

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பூசம் முடிந்த அதே வாரத்தில், பினாங்கில், ஜார்ஜ் டவுன் மருத்துவமனை ஒன்றில் நடந்தது இது. அப்போது என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நான் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கை நிறைய ஊசித் தழும்போடு போய், ஆரோக்கியமான உடல் எப்படி இயங்குகிறது என்று பாடம் நடத்துவேன். மாணவர்கள் பாவமாகப் பார்ப்பார்கள்; எனக்குத்தான் சிரிப்பு வரும்.

எனக்குச் சிறுநீரகம் கொடுக்க என் அண்ணன் முன்வந்திருந்தார். பட்டர்வொர்த்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். "ரெண்டு இருக்குதானே, ஒண்ண எடுத்துக்க லா" என்று, தட்டில் இருக்கும் வடையை என் பக்கம் தள்ளுகிறவரைப் போலச் சொல்லி முடித்துவிட்டார். இரத்த வகை பொருந்தியது. ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. அறுவை சிகிச்சைக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். கடைசியாக ஓர் இரத்தப் பரிசோதனை மட்டும் பாக்கி இருந்தது.

அதன் முடிவைச் சொல்ல டாக்டர் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். நிதானமான சீனப் பெண்மணி அவர். அன்று முகத்தில் சிரிப்பே இல்லை. அண்ணனின் இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி, இருக்கவேண்டிய அளவைவிடப் பல மடங்கு ஏறியிருக்கிறது என்றார்.

அந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. நம் செல்கள் எந்த வேலை செய்தாலும் அதற்கான சக்தியை ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்துதான் எடுக்கின்றன. தசை மும்முரமாக வேலை செய்யும்போது ஏடிபி சில நொடிகளில் தீர்ந்துபோகும். தீரத் தீர அதை உடனுக்குடன் நிரப்பிக் கொடுப்பதுதான் இந்த நொதியின் வேலை. தசைக்குள்ளேயே இருக்கவேண்டிய அது இரத்தத்தில் இவ்வளவு வந்துவிட்டதென்றால், எங்கோ தசை சிதைந்து கசிகிறது என்று அர்த்தம். அந்தச் சிதைவு மிஞ்சினால் சிறுநீரகமே கெட்டுப்போகும்.

டாக்டர் மலாயில் ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"கடுமையான உடற்பயிற்சி ஏதாவது செய்தீர்களா? ஜிம், ஓட்டம்?"

"இல்ல டாக்டர். நான் ஜிம் பக்கமே போனதில்ல."

நாட்டு மருந்து சாப்பிட்டீர்களா, கீழே விழுந்தீர்களா என்று கேட்டதற்கும் இல்லை என்றார் அண்ணன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினேன்.

அப்படியானால் இது தசை நோயாக இருக்கலாம் என்றார் டாக்டர். தெளிவாகும்வரை அறுவை சிகிச்சையை நிறுத்திவைக்கவேண்டும். நோய்தான் என்று உறுதியானால் அண்ணனிடமிருந்து சிறுநீரகம் எடுக்கவே முடியாது. எனக்குக் கிடைக்காமல் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எனக்காகப் பரிசோதனைக்கு வந்த மனுஷனுக்கே நோய் என்கிறார்களே என்று அழுகை முட்டியது. அண்ணனோ தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்ப இவளுக்கு யாரு டாக்டர் குடுப்பா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தசையின் பலத்தைப் பார்ப்பதற்காக டாக்டர் அவரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். இரண்டு தோள்களும் கன்றிப்போய்க் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. டாக்டர் விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பாவா காவடி கா?" என்றார், காவடி எடுத்தீர்களா என்று.

காவடிதான். பினாங்கில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தத் தடம் தெரியாமல் இருக்குமா? தைப்பூசத்தன்று ஆளுயரக் காவடியைத் தோளில் தாங்கி, வெயிலில் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலின் முன்னாலும் ஆடி, தண்ணீர்மலை முருகன் கோயில் படியெல்லாம் ஏறிப் போய்த்தான் இறக்கினார் அண்ணன். மறுநாள் காலை நேராகப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வந்துவிட்டார். அவர் ஆடிப் போனதை ஒரு பந்தலில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவள் நான். வகுப்பில் தசையையும் ஏடிபியையும் வருடா வருடம் நடத்துகிறவளும் நான்தான். எனக்கு உறைக்கவே இல்லை.

"நான் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?" என்றார் டாக்டர்.

அண்ணன் உண்மையாகவே திருதிருவென்று விழித்தார். "நீங்க உடற்பயிற்சியான்னு கேட்டீங்க. இது வேண்டுதல் டாக்டர். தங்கச்சிக்கு ஆபரேசன் நல்லபடியா நடக்கணும்னு எடுத்தேன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அந்த ஆபரேசனைத்தான் இப்போது நிறுத்தப் பார்த்தீர்கள் என்றார். நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், கனமாக எதையும் தூக்கக்கூடாது, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று அனுப்பிவைத்தார். அந்த வாரம் முழுவதும் நான் தண்ணீர் போத்தலும் கையுமாக அண்ணனைத் துரத்தினேன். டயாலிசிஸில் இருந்த எனக்கோ அளந்துதான் தண்ணீர். அந்தப் பொறாமையையும் சேர்த்து அவர்மேல் தீர்த்துக்கொண்டேன்.

மறுபரிசோதனையில் நொதியின் அளவு இறங்கிவிட்டது. தசை நோய் எதுவும் இல்லை. சில வாரங்கள் தள்ளிப்போனாலும் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது நான் வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கிறேன். டாக்டர் காவடிக்குத் தடை போட்டுவிட்டதால் தைப்பூசத்துக்கு அண்ணன் பால்குடத்தோடு நிறுத்திக்கொள்கிறார். இதெல்லாம் ஒரு கனமா என்று முணுமுணுத்துக்கொண்டே.

கடுமையாக ஏதாவது செய்தீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு அன்று அவர் இல்லை என்றது பொய்யே அல்ல, எனக்காகப் பட்டது எதுவும் அவருக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் மனசு நிறைந்துவிடுகிறது.